கலோரிக் கணக்கில் அடங்காத மாவுச்சத்து

நம் நாட்டில் வறுமையை அளக்க முற்பட்டவர்கள் நெடுங்காலம் கலோரியையே அளவுகோலாகக் கொண்டனர். 1971-ல் பேராசிரியர்கள் தாண்டேகரும் நீலகண்ட ரதும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,250 கலோரி தேவை என்ற அடிப்படையில் இந்திய வறுமையைக் கணக்கிட்டனர். 1979-ல் அறிக்கை அளித்த திட்டக்குழுவின் பணிக்குழு, கிராமப்புறத்தில் 2,400 கலோரியும் நகர்ப்புறத்தில் 2,100 கலோரியும் பெறுவதற்கான செலவையே வறுமைக் கோடாக வகுத்தது. 2009-ல் டெண்டுல்கர் குழு இந்தப் பிணைப்பிலிருந்து விலகிய போதிலும், உணவுப் பாதுகாப்பைப் பற்றிய நமது சிந்தனையில் கலோரியின் ஆட்சி இன்னும் முற்றாக நீங்கிவிடவில்லை.

பஞ்சத்தின் நினைவு மறையாத நாடு, வயிறு நிரம்புகிறதா என்பதை முதலில் கேட்டதில் தவறில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு குறை இருந்தது. தீட்டிய அரிசியிலிருந்து கிடைத்த 100 கலோரியும், முழுக் கொண்டைக்கடலையிலிருந்து கிடைத்த 100 கலோரியும், சர்க்கரையிலிருந்து கிடைத்த 100 கலோரியும் அந்த ஏட்டில் ஒரே பத்தியில் ஏறின. உடலோ அவற்றை ஒன்றாக ஏற்பதில்லை. 'கார்போஹைட்ரேட்' என்ற ஒரே பெயருக்குள் அடங்கும் இப்பொருள்களுக்கிடையே உள்ள வேற்றுமை இன்று மருத்துவரின் கவலையாக மட்டும் இல்லை. கொள்முதல், சேமிப்பு, பொது விநியோகம் ஆகியவற்றைத் திட்டமிடுவோரின் கவலையாகவும் ஆகியுள்ளது.

ஒரு பெயர், பல பொருள்கள்

கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்று தனிமங்களால் ஆனவை கார்போஹைட்ரேட்டுகள். இவற்றுள் மிக எளியவை குளுகோஸ், பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ், காலக்டோஸ் ஆகிய ஒற்றைச் சர்க்கரைகள். குளுகோஸும் ஃபிரக்டோஸும் இணைந்தால் கரும்புச் சர்க்கரையான சுக்ரோஸ். குளுகோஸும் காலக்டோஸும் இணைந்தால் பாலில் உள்ள லாக்டோஸ். நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான குளுகோஸ் கண்ணிகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டால் அது மாவுச்சத்து. அரிசி, கோதுமை, கேழ்வரகு, உருளைக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு ஆகிய அனைத்திலும் நாம் பெரும்பாலும் உண்பது இதைத்தான். குளுகோஸ் கண்ணிகளே வேறு விதமாகப் பிணைக்கப்பட்டால், மனிதனின் சீரண நீர்களால் அறுக்க இயலாத செல்லுலோஸ் உண்டாகிறது. இதுவும் இதைப் போன்று சிறுகுடலில் சீரணிக்கப்படாத பிறவும் சேர்ந்ததே நார்ச்சத்து.

சர்க்கரையும் மாவுச்சத்தும் கிராம் ஒன்றுக்குச் சுமார் 4 கலோரி தருகின்றன. நார்ச்சத்தின் நிலை வேறு. அது சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதன் ஒரு பகுதியை நொதிக்கச் செய்து, உடலுக்கு நன்மை தரும் சில கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. இவ்வகையில் கிராமுக்கு ஏறத்தாழ 2 கலோரியே உடலுக்குக் கிடைக்கிறது. ஆற்றலை மட்டும் எண்ணுபவருக்கு நார்ச்சத்து ஏறக்குறைய பயனற்ற பொருளாகவே தோன்றும். உணவு மெல்லச் சீரணமாவதற்கும், மலச்சிக்கல் நீங்குவதற்கும், இரத்தத்தில் கொழுப்பு மிகாமல் இருப்பதற்கும் அது செய்யும் உதவி கலோரிப் பட்டியலில் இடம் பெறுவதில்லை.

பாலிலும் முழுப் பழங்களிலும் உள்ள சர்க்கரையைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. பழத்தைச் சாறாகப் பிழிந்து நாரை நீக்கிய பின் எஞ்சும் சர்க்கரையும், தேநீரிலும் இனிப்புகளிலும் குளிர்பானங்களிலும் நாம் சேர்க்கும் சர்க்கரையும் வேறு வகையைச் சேர்ந்தவை. இவற்றிலிருந்து பெறும் ஆற்றல் மொத்தத்தில் 10 சதவீதத்திற்கு மேற்படக் கூடாது என்றும், 5 சதவீதத்திற்குள் இருத்தல் மேலும் நன்று என்றும் 2015-ல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. 2,000 கலோரி உண்பவருக்கு 5 சதவீதம் என்பது 25 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரை. வெல்லத்தையும் தேனையும் இக்கணக்கிலிருந்து விலக்கிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. வெல்லத்தில் சிறிது இரும்பும் தாதுப்புகளும் இருக்கலாம். எனினும் அதன் பெரும்பகுதி சுக்ரோஸே.

சீரணத்தின் வேகம்

மாவுச்சத்து வாயிலும் சிறுகுடலிலும் குளுகோஸாக உடைந்து இரத்தத்தில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அந்தக் குளுகோஸைத் தசைகளுக்கும் கல்லீரலுக்கும் பிற திசுக்களுக்கும் கொண்டு சேர்க்க உதவுகிறது. குளுகோஸ் மெதுவாக வந்து சேர்ந்தால் கணையத்தின் பணி எளிது. பெருவெள்ளமாக, நாளுக்குப் பலமுறை, ஆண்டுக் கணக்கில் வந்துகொண்டே இருந்தால், அதிலும் உடலுழைப்புக் குறைந்து தசைகள் அதை ஏற்க மறுத்தால், கணையம் களைத்துப் போகிறது. இரண்டாம் வகை நீரிழிவு நோய் தோன்றும் வழிகளில் இது முதன்மையானது.

இந்த வேகத்தை அளப்பதற்கென 1981-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் கிளைசீமிக் குறியீடு என்ற அளவையை உருவாக்கினர். தூய குளுகோஸை 100 எனக் கொண்டு, அதே அளவு கார்போஹைட்ரேட் கொண்ட பிற உணவுகள் இரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகின்றன என்பதை அது ஒப்பிடுகிறது. பருப்பு வகைகளுக்கு இக்குறியீடு குறைவு. வெண்மையாகத் தீட்டிய அரிசிக்கும் மைதா ரொட்டிக்கும் மிகுதி. ஆயினும் குறியீட்டை மட்டும் பற்றிக்கொள்வதும் பிழையாகும். தர்ப்பூசணியின் குறியீடு உயர்ந்தது. ஆனால் ஒரு துண்டில் பெரும்பகுதி நீராதலால் அதிலுள்ள சர்க்கரை சொற்பமே. வேகத்துடன் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டியுள்ளது.

வேகத்தைத் தீர்மானிப்பவை பல. மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என இரு வடிவங்கள் உள்ளன. கிளைகள் மிகுந்த அமைலோபெக்டின் விரைவில் சீரணமாகும். ஆகவே அமைலோஸ் மிகுந்த அரிசி வகைகள் சற்று மெதுவாகவே குளுகோஸை விடுவிக்கின்றன. முழு மணியாக இருக்கும்போது தானியத்தின் உறையும் உயிரணுச் சுவர்களும் சீரண நீரைத் தடுத்து நிறுத்துகின்றன. நைசாக அரைத்த மாவில் அந்தத் தடை உடைந்துவிடுகிறது. சமைத்து ஆறவிட்ட சோற்றில் மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதி மீண்டும் இறுகிச் சீரணத்தை எதிர்க்கும் தன்மை பெறுகிறது. ஒடிசாவின் பகாளா, வங்காளத்தின் பாந்தா பாத், தமிழ்நாட்டின் பழைய சோறு ஆகியவற்றில் நிகழ்வது இதுவே. ஆனால் இதன் விளைவு சிறியது. சோற்றை ஆறவைத்தால் வேண்டுமட்டும் உண்ணலாம் என்று கருதுவதற்கு இதில் இடமில்லை. சோற்றுடன் பருப்பும் காயும் சேரும்போது மொத்த உணவின் வேகம் குறைகிறது. அன்றாட வாழ்வில் இதுவே பெரிதும் பயன்படும் செய்தி.

குன்னூரில் தொடங்கிய ஆய்வு

தானியத்தைத் தீட்டுவதால் நேரும் இழப்பை இந்திய அறிவியல் நேற்று கண்டறியவில்லை. இன்று ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918-ல் நீலகிரியின் குன்னூரில் ஒரே அறையில் 'பெரிபெரி' நோய் ஆய்வுப் பிரிவாகத் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர். நரம்புகளையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி, தயமின் எனப்படும் பி1 வைட்டமின் குறைவால் வருவது. அந்த வைட்டமின் அரிசியின் தவிட்டிலும் முளையிலும் உள்ளது. இயந்திர ஆலைகள் பெருகி, தவிடு முழுவதும் நீக்கப்பட்ட பச்சரிசி மக்களின் முக்கிய உணவானபோது நோயும் பரவிற்று.

அக்காலச் சென்னை மாகாணத்தில் இந்நோய் எங்கும் ஒரே அளவில் காணப்படவில்லை என்பது கருதத்தக்கது. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரைப் பகுதியில், அது மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட பகுதிகள் பெரும்பாலும் தப்பின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, நீரில் கரையும் பி1 வைட்டமின் தவிட்டிலிருந்து மணியின் உட்பகுதிக்கு ஊடுருவுகிறது. பின்னர் தீட்டினாலும் அதில் ஒரு பகுதி தங்கிவிடுகிறது. வைட்டமின் என்ற சொல்லே அறியாத காலத்து இல்லத்தரசிகள் கைக்கொண்ட முறை, ஆய்வுக்கூடத்தின் விடையை முன்பே பெற்றிருந்தது எனலாம்.

குன்னூர் ஆய்வகம் 1958-ல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969-ல் இன்றைய பெயரைப் பெற்றது. நம் நாட்டு உணவுகளின் சத்து அட்டவணையை 1937-ல் முதலில் வெளியிட்டதும் இந்த ஆய்வகமே. டாக்டர் கோபாலனும் அவருடைய துணைவர்களும் 1971-ல் வெளியிட்ட விரிவான பதிப்பு, இரு தலைமுறை மாணவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் கைநூலாக விளங்கியது. அந்த அட்டவணையில் ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். அதில் தரப்பட்டது 'கச்சா நார்' என்ற அளவு. அமிலத்திலும் காரத்திலும் கொதிக்கவைத்த பிறகும் எஞ்சுவதை மட்டுமே நாராகக் கொள்ளும் பழைய முறை அது. அதன்படி 100 கிராம் கேழ்வரகில் 3.6 கிராமும் தீட்டிய அரிசியில் 0.2 கிராமும் நார் இருந்தது. எஞ்சிய நார்ச்சத்து முழுவதும் கார்போஹைட்ரேட் என்ற பொதுப் பத்தியில் மறைந்து கிடந்தது.

2017-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட புதிய இந்திய உணவுச் சத்து அட்டவணை, மொத்த நார்ச்சத்தைத் தனியே அளந்தது. அதன்படி 100 கிராம் கேழ்வரகில் 11.2 கிராம் நார்ச்சத்து உள்ளது. கம்பில் 11.5 கிராம், சோளத்தில் 10.2 கிராம், முழுக் கோதுமை மாவில் 11.4 கிராம். தீட்டிய பச்சரிசியில் 2.8 கிராம் மட்டுமே; மைதாவிலும் ஏறத்தாழ அவ்வளவே. முழுக் கொண்டைக்கடலையில் 25 கிராம். நாளொன்றுக்கு 250 கிராம் தானியம் உண்ணும் ஒருவர் அரிசியை மட்டும் உண்டால் 7 கிராம் நார்ச்சத்தும், கேழ்வரகை மட்டும் உண்டால் 28 கிராம் நார்ச்சத்தும் பெறுவார். வயது வந்தோருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் கூறியுள்ளதை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். புரதத்தில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதையும் சேர்த்துக் கூறிவிடுதல் முறை. கேழ்வரகு பருப்பின் இடத்தை நிரப்பாது.

இன்றைய நிலை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 2008 முதல் 2020 வரை அனைத்து மாநிலங்களிலும் நடைபெற்ற ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. நாட்டில் வயது வந்தோருள் 11.4 சதவீதத்தினர், அதாவது சுமார் 10.1 கோடிப் பேர், நீரிழிவு நோயாளிகள். மேலும் 13.6 கோடிப் பேர் நோயின் முன்நிலையில் உள்ளனர். கோவாவில் நோய் 26.4 சதவீதம், உத்தரப் பிரதேசத்தில் 4.8 சதவீதமே. ஆனால் உத்தரப் பிரதேசத்தில் ஒரு நோயாளிக்கு ஏறத்தாழ நால்வர் வீதம் முன்நிலையில் இருக்கிறார்கள். இது செல்வர்களின் நோய் என்றும் நகரங்களின் நோய் என்றும் இருந்த எண்ணத்தை இந்தப் புள்ளிவிவரம் கலைத்துவிடுகிறது.

இதே ஆய்வின் உணவு பற்றிய பகுதி 2025-ல் வெளிவந்தது. இந்தியர் பெறும் ஆற்றலில் 62 சதவீதம் கார்போஹைட்ரேட்டிலிருந்து வருகிறது என்றும், அதன் பெரும்பகுதி தீட்டிய தானியமும் சேர்க்கப்பட்ட சர்க்கரையும் என்றும் அது காட்டிற்று. தெற்கிலும் கிழக்கிலும் வடகிழக்கிலும் வெள்ளை அரிசி, வடக்கிலும் நடுப்பகுதியிலும் கோதுமை என்று முதன்மை உணவு வேறுபட்டாலும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. சிறுதானியங்கள் முக்கிய உணவாக நிலைத்திருப்பவை கர்நாடகம், குஜராத், மகாராஷ்டிரம் ஆகிய மூன்று மாநிலங்களே.

அந்த ஆய்வில் மற்றொரு முடிவும் உண்டு. அதை ஊன்றிப் படித்தல் நலம். மொத்தக் கார்போஹைட்ரேட்டைக் குறைக்காமல், தீட்டிய தானியத்துக்குப் பதிலாக அரைத்த கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ உண்டவர்களிடம் நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. கார்போஹைட்ரேட்டின் ஒரு சிறு பங்கை நீக்கி, அவ்விடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதம் சேர்ந்தபோதுதான் அபாயம் குறைவாகக் காணப்பட்டது. 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடிய பின்னர், சிறுதானியத்தின் பெயரைத் தாங்கிய எதுவும் மருந்து என்ற மயக்கம் சந்தையில் பரவியிருக்கிறது. மைதாவும் சர்க்கரையும் முக்கால் பங்கு கலந்த 'ராகி பிஸ்கட்டை'யும், வெண்மையாகும்வரை தீட்டிய சாமையையும் கண்டு மகிழ வேண்டியதில்லை. கேழ்வரகு வளர்க்கும் புன்செய் விவசாயிக்கும், அதன் சுண்ணாம்புச் சத்தையும் நார்ச்சத்தையும் பெறும் குடும்பத்துக்கும் அதனால் விளையும் நன்மை மெய்யானது. ஆனால் மூன்று வேளையும் தட்டு நிறைய மாவுச்சத்து என்ற பழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தானியத்தின் பெயரை மாற்றுவதால் மட்டும் பெரும்பயன் விளைந்துவிடாது.

தட்டும் ரேஷன் அட்டையும்

2024-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மொத்த ஆற்றலில் 45 சதவீதத்திற்கு மேல் தானியங்களிலிருந்து வரலாகாது என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. 2,000 கலோரி உணவுக்கு அது வகுத்த தட்டில் தானியமும் சிறுதானியமும் சேர்ந்து 250 கிராம், பருப்பு வகைகள் 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி ஆகியன இடம் பெறுகின்றன.

இதனைப் பொது விநியோகத் திட்டத்துடன் பொருத்திப் பார்க்கலாம். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முன்னுரிமைக் குடும்பங்களில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம் உரியது. 2023 ஜனவரியிலிருந்து அது இலவசமாக வழங்கப்படுகிறது. 5 கிலோ என்பது நாளொன்றுக்கு 167 கிராம். கலோரிக் கணக்கில் 600-க்குச் சற்றுக் குறைவு. ஆக, பரிந்துரைக்கப்பட்ட தானியத்தில் மூன்றில் இரு பங்கை அரசே அளித்துவிடுகிறது. இச்சாதனையைக் குறைத்து மதிப்பிடுவது நன்றியின்மையாகும். பல கோடி ஏழைக் குடும்பங்களில் பட்டினியை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருப்பது இந்த 5 கிலோவே.

எஞ்சிய தட்டைக் கவனிப்போம். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு, அனைவரையும் அதே அளவில் கொண்டால், பருப்பு மட்டுமே மாதம் ஏறத்தாழ 13 கிலோ தேவை. காய்கறி 60 கிலோ. இவற்றுக்கு நாடு தழுவிய சட்டப்படியான உரிமை ஏதுமில்லை. தமிழ்நாடு, இமாசலப் பிரதேசம், சத்தீஸ்கர் போன்ற சில மாநிலங்கள் பருப்பையோ கடலையையோ தம் செலவில் மலிவாக வழங்கி வருகின்றன. பிற இடங்களில் குடும்பம் சந்தையையே நம்ப வேண்டும். விலை உயர்ந்தால் முதலில் குறைவது பருப்பு. அந்த இடத்தை நிரப்புவது மேலும் ஒரு கரண்டிச் சோறு. இது அறியாமையால் வந்த பழக்கம் என்று கூறுவோர் சந்தை விலைப் பட்டியலை ஒருமுறை பார்த்தல் நலம். ஒரு ரூபாய்க்கு எங்கே மிகுதியான கலோரி கிடைக்கிறதோ அங்கே ஏழை செல்வது பொருளாதாரத்தின் பால பாடம்.

கடும் உடலுழைப்பு உடையவருக்கு 2,000 கலோரித் தட்டு போதாது என்பதையும் நினைவில் கொள்ளல் வேண்டும். வயலிலும் கட்டடப் பணியிலும் உழைப்பவரின் தசைகள் குளுகோஸை எரித்துத் தீர்க்கின்றன. அவரிடம் போய்ச் சோற்றைக் குறையுங்கள் என்பது பொருந்தாத அறிவுரை. அவருடைய மகன் அதே அளவு சோற்றை உண்டு, எட்டு மணி நேரம் நாற்காலியில் அமர்ந்து பணியாற்றும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. இத்தகைய மாற்றம் ஒரே தலைமுறையில் நிகழ்ந்த குடும்பங்கள் இந்தியாவில் கோடிக்கணக்கானவை.

குடும்பச் செலவுக் கணக்கெடுப்புகளும் இதையே வேறு வகையில் கூறுகின்றன. கிராமப்புறக் குடும்பச் செலவில் தானியத்தின் பங்கு 1999-2000-ல் 22 சதவீதமாக இருந்தது. 2022-23-ல், இலவசமாகப் பெற்ற தானியத்தின் மதிப்பைச் சேர்க்காமல், 5 சதவீதத்திற்கும் சற்றுக் கீழே இறங்கியது. பானங்களும் பதப்படுத்திய உணவுகளும் அதே ஆண்டில் கிராமங்களில் 9.6 சதவீதத்தையும் நகரங்களில் 10.6 சதவீதத்தையும் பெற்றன. தானியத்தில் மிஞ்சிய பணம் முழுவதும் பருப்புக்கும் காய்க்கும் பாலுக்கும் போய்ச் சேரவில்லை. ஒரு பகுதி, சர்க்கரையும் மைதாவும் கலந்த பொட்டலங்களின் வழியே மீண்டும் கார்போஹைட்ரேட்டாகவே வீடு திரும்புகிறது.

அரிசி ஏன் வெண்மையாக இருக்கிறது?

முழு அரிசியும் அரைகுறையாகத் தீட்டிய அரிசியும் நல்லவை என்றால் அவற்றையே நியாய விலைக் கடைகளில் வழங்கலாமே என்ற வினா மாணவர்களிடமிருந்து அடிக்கடி எழுகிறது. மக்களின் சுவையும் வெண்மையின்மீதுள்ள மதிப்பும் ஒரு காரணம் என்பது உண்மையே. பெரிதும் பேசப்படாத காரணம் கிடங்கில் உள்ளது. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. தீட்டாத அரிசியில் அந்த எண்ணெய் சில மாதங்களில் சிக்கடித்து நாற்றமெடுக்கும். பூச்சியும் எளிதில் பற்றும். ஒரு பருவத்தில் கொள்முதல் செய்து, ஆயிரம் மைல் கடந்து, ஓராண்டுக்கு மேலும் சேமித்து வைக்க வேண்டிய இந்திய உணவுக் கழகத்துக்கு வெள்ளை அரிசியே வசதியான பண்டம். தாங்கிருப்புக் கொள்கையின் தேவையும் உடல்நலத்தின் தேவையும் இங்கே எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன.

கொள்முதல் விதிகளிலும் இந்த இழுபறி தெரிகிறது. ஆலைகள் அரசுக்கு ஒப்படைக்க வேண்டிய அளவு, 100 கிலோ நெல்லுக்குப் பச்சரிசியாயின் 67 கிலோ, புழுங்கலாயின் 68 கிலோ என்று கணக்கிடப்படுகிறது. அரிசியின் தரத்தை ஆராயும்போது ஈரப்பதம், நொறுங்கல், அயற்பொருள், பழுதுற்ற மணி ஆகியன அளக்கப்படுகின்றன. மேற்பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் தவிடு ஒட்டியுள்ள மணிகளும் அதே பட்டியலில் குறைபாடாக எண்ணப்பட்டு, வரம்பைக் கடந்தால் மறுக்கப்படுகின்றன. மெக்கரிசன் எதைக் காப்பாற்ற விரும்பினாரோ அது தர நிர்ணயத்தில் குற்றமாக நிற்கிறது. அரிசியுடன் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைச் சேர்க்கும் செறிவூட்டல் திட்டம் 2021-ல் அறிவிக்கப்பட்டது. நுண்சத்துகளை இவ்வாறு திரும்பச் சேர்க்க இயலும்; தவிட்டுடன் போன நார்ச்சத்து அதனால் திரும்பாது.

வழிகள் இல்லாமல் இல்லை. அரிசியாக அன்றி நெல்லாகவே சேமித்து, விநியோகத்துக்குச் சில வாரங்களுக்கு முன் ஆலைக்கு அனுப்பினால் தீட்டும் அளவைக் குறைக்கலாம். உமியுடன் இருக்கும் நெல் கெடாது. ஆனால் அரிசியைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்ளும், போக்குவரத்துச் செலவும் கூடும். ஆகவே இது நெடுந்தொலைவு விநியோகத்துக்குப் பொருந்தாது; விளையும் மாவட்டத்திலேயே கொள்முதல் செய்து அங்கேயே வழங்கும் முறைக்குப் பொருந்தும். சிறுதானியங்களைப் பொறுத்தவரை கர்நாடகத்தின் தென்பகுதியில் கேழ்வரகும் வடபகுதியில் சோளமும் நியாய விலைக் கடைகள் மூலம் வழங்கப்பட்டுள்ளன. ஒடிசாவில் 2017-ல் தொடங்கிய சிறுதானிய இயக்கம், பழங்குடி மாவட்டங்களின் கேழ்வரகை அங்கேயே வாங்கி அங்கேயே உண்ணச் செய்வதை நோக்கமாகக் கொண்டது.

விலையை உயர்த்தி அறிவிப்பது மட்டும் இதற்குப் போதாது. 2025-26 பருவத்துக்குக் கேழ்வரகின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். சாதாரண நெல்லுக்கு 2,369 ரூபாய். காகிதத்தில் கேழ்வரகே இரு மடங்கு இலாபகரமாகத் தோன்றும். ஆனால் பாசன நிலத்தில் நெல்லின் மகசூல் மிகுதி. நெல்லை வாங்கக் கொள்முதல் நிலையம் உண்டு. கேழ்வரகை அந்த விலைக்கு வாங்குவோர் எல்லா ஊரிலும் இல்லை. சாமை, வரகு, குதிரைவாலி ஆகியவற்றுக்கு மற்றொரு தடையும் உள்ளது. அவற்றின் உமி கடினமானது. உரலில் குத்தி உமி நீக்கும் வேலை பெண்களின் முதுகை ஒடிப்பது. அவ்வேலையிலிருந்து விடுபடவே பல வீடுகள் அரிசிக்கு மாறின. ஊருக்கு ஊர் உமி நீக்கும் சிறு இயந்திரம் வேண்டும். அந்த இயந்திரமும் உமியுடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். தவிட்டையும் சேர்த்துச் சீவித் தள்ளும்படி அதை அமைத்தால், நூறாண்டுகளுக்கு முன் ஆலைகள் அரிசிக்குச் செய்ததை நாம் சாமைக்கும் செய்து முடித்திருப்போம்.